உறை போட்ட புதுசும் உறை போடாத பழசும்

பிள்ளைகளே, ஓய்வு பெற்று வீட்டில் இருந்தாலும் உங்கள் சண்டைகள் என்னைத் தேடி வந்துகொண்டுதான் இருக்கின்றன. போன கிழமை எங்கள் கணினிக்காரர் குழுவில் நீங்கள் போட்டுக்கொண்ட சண்டையை உங்களில் ஒருத்தி எனக்கு அனுப்பியிருந்தாள். பழைய சேர்வர் புரொசசரா, புதிய டெஸ்க்டொப் புரொசசரா, எது திறம்? ஒருவர் எங்கோ ஒரு இணையத்தளத்தில் இருந்து வேகம் ஒப்பிடும் வரைபடம் எடுத்துப் போட, மற்றவர் அதற்கு எதிர்ப்பாட்டாக இன்னொரு வரைபடம் எடுத்துப் போட்டிருக்கிறார். கடைசியில் இரண்டு பேரும் "அன்பு கலந்த வணக்கங்களுடன்" என்று முடித்திருக்கிறீர்கள். ஜேர்மன்காரர் மற்ற நேரம் அதை மூன்றெழுத்தில் சுருக்குவார்கள், கோபத்தின் உச்சியில் நிற்கும்போதுதான் முழுசாக எழுதுவார்கள். நீங்களும் நன்றாகப் பழகிவிட்டீர்கள்.

"இதைப் பற்றி நாலு வரி எழுதித் தாங்கோ அக்கா" என்று அவள் கேட்டாள். நாலு வரியோடு வாயை மூடுகிற ஆள் நான் இல்லை என்று தெரிந்துதான் கேட்டிருப்பாள்.

புரொசசர் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. எத்தனை கோர், எவ்வளவு வேகம், எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதெல்லாம் உங்களுக்கு விரல் நுனியில் இருக்கும். நான் சொல்லப் போவது ஹம் நகரத்தில் சுகந்தியின் அலுவலகத்தில் நடந்த கதை. அந்தக் கதையிலும் இதே இரண்டு சாமான்கள்தான். ஒன்று பழைய சேர்வர், மற்றது புதிய டெஸ்க்டொப். எது வென்றது என்று கடைசியில் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சுகந்தி யாழ்ப்பாணத்துப் பெண். ஜேர்மனிக்கு வந்து, முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, பல வருடம் மற்றவர்களின் கம்பனிகளில் ஓடி ஓடி உழைத்து, பிறகு சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினவள். அவளுடைய பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிக்க வார்ப்பார்கள், மருந்து கொடுப்பார்கள், இன்சுலின் ஊசி போடுவார்கள். எசனில் இருந்த எங்கள் சின்னக் கம்பனிதான் அவளுடைய கணினிகளைப் பார்த்துக்கொண்டது. அவளுடைய அலுவலகத்துக்கு நான்தான் பொறுப்பு.

அங்கே நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு பழைய சேர்வர் கிடந்தது. எங்கோ ஒரு பெரிய அலுவலகம் கழித்துவிட்டதை நாங்களே துடைத்துப் பூட்டிக் கொடுத்திருந்தோம். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். அதற்குப் பக்கத்தில் நின்று கதைத்தால் ஆளுக்காள் கத்த வேண்டும். ஆனால் கணக்குப் போடுகிற கோர்கள் நிறைய, மெமரியும் நிறைய. நோயாளர் விபரம், மருந்துப் பட்டியல், சம்பளம் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சுமந்துகொண்டு முனகாமல் நின்றது.

அது தடுமாறியது ஒரேயொரு வேலையில்தான். ஒவ்வொரு காலையும் யார் எந்த வீட்டுக்கு எந்த ஒழுங்கில் போவது என்று கணக்குப் போடுகிற ஒரு நிரல் இருந்தது. அந்த நிரல் ஒரு கோரை மட்டுமே பிடித்துக்கொண்டு வேலை செய்யும். மற்றக் கோர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். இரவே கணக்குப் போட்டு வைத்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். விடிய எழும்பித்தானே ஆட்கள் காய்ச்சல், பிள்ளைக்குச் சுகமில்லை என்று போன் எடுப்பார்கள்? அதற்குப் பிறகுதான் கணக்கே தொடங்கலாம். முதல் கார் புறப்படுவதற்குள் அது முடிந்தும் விட வேண்டும். அந்தச் சின்ன இடைவெளிக்குள் பழசு ஒருமாதிரி ஒப்பேற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அதே ஊரில் வேறொரு பராமரிப்பு நிறுவனம் மூடப்பட்டது. அவர்களுடைய நோயாளர்களை ஒரு திங்கட்கிழமை முதல் சுகந்தி பொறுப்பெடுப்பதாக ஏற்பாடு. ஆட்தொகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. புதுப் பட்டியலைப் போட்டு ஓட்டிப் பார்த்தால், பழைய சேர்வர் திட்டத்தை வெளியே தள்ளும் நேரம் பணியாளர்கள் இரண்டாவது வீட்டில் நிற்க வேண்டிய நேரமாக இருந்தது.

சுகந்தி எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, எனக்கு மற்றதுகளைப் பற்றிக் கவலை இல்லை. ஃப்ராவ் ஹெல்விக் எண்டு ஒரு மனிசி. தனிய இருக்கிறா. காலமை ஊசி போட்டாப் பிறகுதான் அவ சாப்பிடலாம். முந்தின கம்பனிக்காரர் பிந்திப் பிந்திப் போய், அவ ஒரு நாள் பசி தாங்கேலாமல் பாணைத் திண்டு, சீனி ஏறி ஆஸ்பத்திரியில கிடந்தவ."

"இப்ப எப்பிடி இருக்கிறா?"

"இப்ப சுகம். ஆனா மகள் தூரத்தில, மூன்ஷன் நகரத்தில இருக்கிறா. இன்னொருக்கா இப்பிடி நடந்தால் முதியோர் ஹைமில விடுறதெண்டு சொல்லிப்போட்டா. அங்கை போய்ப் பாக்கிறதுக்கு நாள் நேரம் குறிச்சு டெர்மின் கூட எடுத்து வைச்சிருக்கிறாவாம். மனிசி என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு விடவே இல்லை. 'நான் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டன்' எண்டு திருப்பித் திருப்பிச் சொல்லுறா. நேரத்துக்கு வருவன் எண்டு நான் சொல்லிப்போட்டு வந்திட்டன் அக்கா."

சொல்லிப்போட்டு வந்துவிட்டாள். அதைச் செய்து காட்ட வேண்டியது நாங்கள்.

அந்த நேரம் எங்களிடம் கார்த்திக் வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக் காலம். தமிழ்நாட்டுப் பிள்ளை. வால்டோர்ஃபில் ஒரு மென்பொருள் கம்பனியில் சில வருடம் வேலை செய்துவிட்டு, மனைவிக்கு எசனில் வேலை கிடைத்ததால் எங்களிடம் வந்தவன். கெட்டிக்காரன். வாய் சும்மா இராது.

"மேடம், இதுக்கு சர்வரே வேணாம். ஒரு புது டெஸ்க்டாப் போதும். அதுல ஒரு கோர், உங்க பழைய சர்வரோட ஒரு கோரைத் தூக்கிச் சாப்பிட்டுடும்."

"தம்பி, கடையில விளையாட்டுக்கு விக்கிற சாமானைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வேலைக்குப் பூட்டுவம் எண்டு சொல்லுறீரோ?"

"விளையாட்டுக்கு வித்தா என்ன மேடம், கணக்கு கணக்குதானே?"

இணையத்தளத்து வரைபடங்களைக் கண்டாலே எனக்கு ஒரு எரிச்சல் வரும். யாரோ ஒருவர் தன்னுடைய மேசையில் தனக்குத் தெரிந்த வேலையைக் கொடுத்துப் பார்த்துவிட்டு எழுதின எண் அது. அதனால் நான் ஒரே சொல்லாகச் சொன்னேன். சுகந்தியின் நிரலையும் புதுப் பட்டியலையும் எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்து, ஒரு புது டெஸ்க்டொப்பில் ஓட்டிக் காட்டும், பிறகு கதைப்போம் என்றேன். கார்த்திக் ஓட்டிக் காட்டினான். நான் கோப்பி எடுக்கப் போய்த் திரும்பி வர முதல் திட்டம் திரையில் நின்றது. பொய் சொல்லக்கூடாது, நான் நம்பாமல் இன்னொருமுறை ஓட்டச் சொன்னேன். அவன் கதிரையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை கார்த்திக் புதுசைக் கொண்டுபோய் சுகந்தியின் அலுவலகத்தில் பூட்டிவிட்டு வந்தான். வியாழனும் வெள்ளியும் அந்தத் திட்ட நிரலை மட்டும் அதில் ஓட்டிப் பார்ப்பது. சரிவந்தால் சனி ஞாயிறில் மற்ற எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டுப் பழசைக் கழித்துவிடுவது. அப்படித்தான் பேச்சு.

வியாழன் காலை திட்டம் மெதுவாக வந்தது. முதல் நாள்தானே, பின்னால் ஏதோ ஓடுகிறதாக்கும் என்று விட்டோம். வெள்ளி காலை பழசை விட மோசம். சுகந்தி உடனே போன் எடுத்தாள்.

"அக்கா, என்ன இது? புதுசு எண்டு சொல்லிக் கொண்டுவந்து வைச்சியள். என்ரை பழைய ஆமை இதைவிடக் கெதியா நடக்கும். திங்கட்கிழமைக்கு நான் என்ன செய்ய? ஃப்ராவ் ஹெல்விக்குக்கு நான் என்ன பதில் சொல்ல?"

கார்த்திக்கின் முகத்தில் ரத்தமே இல்லை. "சத்தியமா புரியல மேடம். அதே மெஷின், அதே டேட்டா. இங்க பறந்துச்சு, அங்க தவழுது." தூரத்தில் இருந்தபடி எல்லாவற்றையும் துருவிப் பார்த்தான். தொடக்கத்தில் கொஞ்ச நேரம் நல்ல வேகம், பிறகு சரிந்து விழுகிறது. காரணம் ஒன்றும் அகப்படவில்லை. நாங்கள் எட்டிப் பார்த்தது அந்த மெஷினுக்குள் ஓடிக்கொண்டிருந்த, மென்பொருளால் ஆன இன்னொரு கற்பனை மெஷினை. நீங்கள் எல்லோரும் இப்போது அப்படித்தானே வேலை செய்கிறீர்கள்? அதற்குத் தான் இருக்கிற உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரியாது.

அந்த நேரம் எங்கள் கையில் இருந்த வழிகளைப் பாருங்கள். பழசுக்குத் திரும்பினால் திங்கட்கிழமை நிச்சயமாகப் பிந்தும். இன்னொரு பெரிய மெஷின் வாங்கலாம் என்றால் அது வந்து சேர அடுத்த கிழமை ஆகும். எங்கள் கம்பனியில் மற்றவர்கள் எல்லோரும் டெஸ்க்டொப் என்றாலே இப்படித்தான், நீண்ட நேரம் பாரம் தாங்காது, பழசுக்கே போங்கள் என்றார்கள். கார்த்திக்கும் தலையைக் குனிந்துகொண்டு, "என் மிஸ்டேக்தான் மேடம், திருப்பி எடுத்துடலாம்" என்றான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவன்மேல் அல்ல. காரணம் தெரியாமல் பழியை ஏற்றுக்கொள்கிற அந்தப் பழக்கத்தின்மேல். "விசர்க்கதை கதையாதையும். ஜக்கெற்றை எடும். ஹம்முக்குப் போறம்" என்றேன்.

ரயில் வழக்கம்போலப் பிந்தியது. பிறகு ரயில் வந்து நிற்கும் மேடையை மாற்றினார்கள். டோர்ட்முண்டில் ஏன் நிற்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாமல் நின்றோம். கார்த்திக் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு அப்போது வேலையில் தகுதிகாண் காலம், வீசாவும் அந்த வேலையோடு கட்டுப்பட்டது. அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் நானும் அந்த யன்னலோரத்தில் இருந்தவள்தானே.

சுகந்தியின் அலுவலகத்தில் சப்பாத்தை வாசலில் கழற்ற வேண்டும். ஜேர்மன் ஆட்களும் கழற்றுவார்கள். உள்ளே போனதும் முதலில் தேத்தண்ணி. "குடிச்சிட்டுப் பாப்பம் அக்கா, களைச்சு வந்திருக்கிறியள்." வீடு பற்றி எரிந்தாலும் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற விடுவார்கள் எங்கள் ஆட்கள். அவளுடைய வரவேற்பறை சோஃபாவில் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்ரிக் இன்னும் கழற்றப்படவில்லை. இருந்தால் சரசரக்கும். நான் நின்றபடியே குடித்துவிட்டு, "எங்கை உந்த மெஷின்?" என்றேன்.

"பின்னறையில வைச்சிருக்கிறம் அக்கா. வடிவா வைச்சிருக்கிறம்."

பின்னறைக் கதவைத் திறந்தாள்.

மேசையின் நடுவில் ஒரு உறை நின்றது. நல்ல தடித்த யன்னல் திரைத்துணி. மெரூன் நிறத்தில் பொன் பூ. அடியில் இலாஸ்ரிக், ஓரத்தில் லேஸ். உள்ளே தூசு இறங்காமல் பிளாஸ்ரிக் வேறு வைத்துத் தைத்திருந்தது. பின்பக்கம் வயர் போவதற்கு அளவாக ஒரு ஓட்டை, அந்த ஓட்டைக்கும் மடித்து ஓரம் தைத்திருந்தார்கள். முன்பக்கம் சந்தனம், அதன் நடுவில் குங்குமப் பொட்டு. அதற்குள்ளே எங்கேயோ, உள்ளதிலேயே வேகமான அந்தப் புது மெஷின் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

"எங்கடை இவர் தச்சவர்" என்றாள் சுகந்தி பெருமையாக. அவளுடைய கணவருக்கு உடுப்புத் திருத்துகிற கடை. "தம்பி பூட்டிப்போட்டுப் போன அண்டைக்குப் பின்னேரமே அளவெடுத்துத் தச்சுக் கொண்டுவந்து போட்டிட்டார். புதுச்சாமான் தானே அக்கா, தூசு படக்கூடாதெண்டு."

கார்த்திக் என்னைப் பார்த்தான். நான் கார்த்திக்கைப் பார்த்தேன். அவனுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் முகம் ஒரு மாதிரிக் கோணியது. நான் கிட்டப் போய் உறையைத் தூக்கினேன். உள்ளே இருந்து வந்த சூடு, இடியப்பச் சட்டியின் மூடியைத் திறந்தது போல முகத்தில் அடித்தது. மெஷினைத் தொட்ட கையை உடனே எடுத்துவிட்டேன்.

விஷயம் அவ்வளவுதான். விசிறி உள்ளே இருந்த அதே சூட்டுக் காற்றையே திருப்பித் திருப்பி இழுத்திருக்கிறது. புரொசசர் எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக் குறைத்து உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. நிலவறையில் கிடந்த பழசுக்கும் இதே உறையைப் போட்டிருந்தால் அதுவும் இந்தப் பாடுதான் பட்டிருக்கும். ஆனால் அதற்கு ஒருவரும் உறை தைக்கவில்லை. யாரோ பாவித்துக் கழித்த சாமான் என்று அதை அம்மணமாக விட்டிருந்தார்கள், அது நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு வேலை செய்தது.

சுகந்திக்கு விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. "ஐயோ அக்கா, நாங்களே உதைக் கழுத்தை நெரிச்சிருக்கிறம். உங்களையும் தம்பியையும் போட்டு என்ன ஏச்சு ஏசினன்."

"உதுக்கேன் அழுறீர்? என்ரை வீட்டு ரீவி றிமோட்டும் இன்னும் பிளாஸ்ரிக் பைக்குள்ளதான் கிடக்கு" என்றேன். பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மை. பட்டன் தேய்ந்து போகுமாம். என்ரை மனுசனின் கண்டுபிடிப்பு.

அதற்குப் பிறகு கார்த்திக் வாய்விட்டுச் சிரித்தான். சுகந்தியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மெஷின் ஆறும்வரை யன்னலைத் திறந்துவிட்டுக் காத்திருந்தோம். பிறகு திங்கட்கிழமைப் பட்டியலை முழுதாகக் கொடுத்து ஓட்டினோம். பட்டறையில் போலவே பறந்தது. இன்னொருமுறை ஓட்டினோம், இரண்டு பணியாளருக்குச் சுகமில்லை என்று வைத்து ஓட்டினோம், ஒரு தெருவை மூடிவிட்டு ஓட்டினோம். ஒவ்வொரு முறையும் நேரத்துக்கு நிறைய முந்தியே வந்தது. ஃப்ராவ் ஹெல்விக்கின் பெயர் ஒவ்வொரு முறையும் முதல் வீடாக நின்றது.

நெஞ்சில் இருந்து பெரிய கல் ஒன்றை இறக்கி வைத்தது போல இருந்தது எனக்கு. சுகந்தி ஓடிப்போய் றோல்ஸ் கொண்டுவந்தாள், வெள்ளிக்கிழமை ஆதலால் மரக்கறி றோல்ஸ். கார்த்திக் இரண்டு கையிலும் ஒவ்வொன்று வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். நான் இந்தக் கதையை எழுதுவது உறைக்காக அல்ல. இதற்குப் பிறகு நடந்ததற்காக.

அந்தச் சந்தோஷத்தில் சுகந்தி கேட்டாள்: "அப்ப அக்கா, சொன்னபடி நாளைக்கே எல்லாத்தையும் இதுக்கு மாத்திப்போட்டு, கீழ கிடக்கிற அந்தச் சத்தக்காரனைத் தூக்கி எறிஞ்சிடுவம், என்ன?"

"பண்ணிடலாம்" என்றான் கார்த்திக், றோல்ஸைக் கடித்தபடி. "நைட்டோட நைட்டா மாத்திடுறேன்."

என் வாயிலும் "ஓம்" என்ற சொல் வந்துவிட்டது. பதற்றத்தில் இருக்கும்போது நாங்கள் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைக்கிறோம். ஆபத்து நீங்கின அந்த நிமிடத்தில்தான் யாரும் எதையும் கேட்காமல் தலையாட்டுகிறோம். என்னுடைய வேலைக்காலத்தில் நான் கண்ட பெரிய அழிவுகள் பல, எல்லாம் சரியாகிவிட்டது என்று கைதட்டின பின்னேரங்களில்தான் தொடங்கின.

என்னை அவுஸ்பில்டுங்குக்கு எடுத்த முதல் ஷெஃப், அதாவது முதலாளி, ஒரு ஜேர்மன்காரர். அதிகம் பேசமாட்டார். அவர் முன்பு ஒரு சாயத் தொழிற்சாலையில் கணினிகளைப் பார்த்தவர். அங்கே மெமரியில் ஏற்பட்ட ஒரு பழுதால் ஒரு கலவையின் அளவு எண் தானாகவே மாறிப்போனதாம். மெஷின் நிற்கவில்லை, பிழை என்று ஒரு செய்தியும் காட்டவில்லை. பீப்பாய் பீப்பாயாகப் பிழையான நிறம் வெளியே போயிருக்கிறது. "சுவரில் பூசினபடியால் கண்டார்கள்" என்பார் அவர். "ஒரு மெஷினை வாங்க முதல் அது எவ்வளவு வேகம் என்று கேட்காதே. இது பிழைவிட்டால் யாருடைய கண்ணில் முதலில் படும் என்று கேள்."

எங்கள் பழைய சேர்வரின் மெமரியில் தன்னைத் தானே சரிபார்க்கும் வசதி இருந்தது. ஒரு புள்ளி இடம் மாறினால் அது கண்டுபிடித்துத் திருத்திவிடும், திருத்தினேன் என்று எங்களுக்கும் சொல்லும். நாங்கள் வாங்கின டெஸ்க்டொப்பில் அது இல்லை. அந்த வசதி உள்ள டெஸ்க்டொப்களும் உண்டு என்று கார்த்திக் இன்றைக்கும் என்னைத் திருத்துவான். உண்டுதான். ஆனால் அன்று அந்த மேசையில் நின்றதில் இல்லை.

"தம்பி" என்றேன், "றோல்ஸைக் கீழ வையும். இந்தப் புது மெஷின் பாதைக் கணக்கில பிழைவிட்டால் என்ன நடக்கும்?"

"தப்பான ஆர்டர்ல வீடு வரும் மேடம். டிரைவ் பண்றவங்களே போன் போட்டுத் திட்டுவாங்க."

"ஓம். ஊரின்ரை அந்தத் தொங்கலுக்குப் போயிட்டு இந்தத் தொங்கலுக்கு வரச் சொன்னால், ஓடுற பிள்ளைக்குத் தெரியும் உது விசர் வேலை எண்டு. இப்ப மருந்துப் பட்டியலும் இதில இருக்குது எண்டு வையும். ஃப்ராவ் ஹெல்விக்கின்ரை இன்சுலின் அளவில ஒரு இலக்கம் மாறிப்போச்சு. யாருக்குத் தெரியும்?"

கார்த்திக் இப்போதுதான் றோல்ஸைத் தட்டில் வைத்தான். "அதுக்கு சான்ஸ் ரொம்ப ரொம்பக் கம்மி மேடம்" என்றான்.

"கம்மிதான். நடந்தால் யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது" என்றாள் சுகந்தி. அவள் கையில் இருந்த தட்டு மேசைக்கு வந்துவிட்டது. "ஊசி போடுற பிள்ளை போனில என்ன அளவு காட்டுதோ அதைத்தான் போடும். அக்கா, மருந்துப் பட்டியலைத் தொடாதேங்கோ. அது கீழயே கிடக்கட்டும்."

அப்படியே விட்டோம். பாதைக் கணக்கு மட்டும் புதுசில். அதற்கு வீட்டு விலாசமும் நேரமும் மாத்திரம் தெரியும், மருந்து பற்றி ஒன்றும் தெரியாது. மருந்து அளவுகள், நோயாளர் விபரம் எல்லாம் நிலவறையில் பழசில். பணியாளர்களின் போனுக்கு அளவுகள் நேராக அங்கிருந்தே போகும். பழசு மெதுவானதே தவிர நோயாளி அல்ல. நானும் கார்த்திக்கும் கீழே இறங்கி அதன் விசிறிகளையும் வட்டுக்களையும் அதன் மெமரி எழுதி வைத்திருந்த அறிக்கைகளையும் பார்த்தோம். எல்லாம் சுத்தமாக இருந்தது. அந்த இரைச்சலுக்குள் கார்த்திக் என் காதுக்குக் கிட்ட வந்து கத்தினான்: "இதைத் தூக்கிப் போடப் பார்த்தேனே மேடம்!"

"நானும்தான் தலையாட்டப் பார்த்தனான்" என்று நானும் கத்தினேன்.

சுகந்திக்கு நான் இட்ட ஒரே கட்டளை, புதுசுக்கு உறை கிடையாது. வேண்டுமென்றால் தூசை வாரம் ஒருமுறை தட்டட்டும். அவளுடைய கணவருக்கு மனவருத்தம் வந்துவிடக்கூடாது என்று அந்த உறையை அவள் பிரிண்டருக்குப் போட்டுவிட்டாளாம், அச்சடிக்கிற நேரம் மட்டும் கழற்றுவார்களாம். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை எனக்கு அலுவலகத்தில் ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் வெள்ளெனவே போனேன். கதவைத் திறந்தால் கார்த்திக் எனக்கு முதலே வந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹம்மில் மூன்று பேர் சுகமில்லை என்று சொல்லியிருந்தார்கள். கணக்கு மூன்று பேரையும் நீக்கிவிட்டுத் திரும்ப ஓடி முடிந்திருந்தது. கார்கள் புறப்பட்டாயிற்று. முதல் வீட்டுக்குச் சுகந்தி தானே போயிருந்தாள். அதற்குப் பிறகு எங்களுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. மேசையில் இருந்த போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் உள்ளுக்குள் கோயிலுக்கு நேர்த்தி வைத்தது உண்மை. கார்த்திக் நகத்தைக் கடித்தது அதைவிட உண்மை.

போன் அடித்தது. சுகந்தி. பின்னால் ஒரு கிழவியின் குரல் உரத்துக் கேட்டது. யாரையோ நன்றாக ஏசிக்கொண்டிருந்தது.

"என்ன சுகந்தி? பிந்திப் போச்சோ?"

"அக்கா, பொறுங்கோ, போனை அவவுக்குக் கிட்டப் பிடிக்கிறன். நீங்களே கேளுங்கோ."

ஃப்ராவ் ஹெல்விக்கின் குரல் அறை முழுக்க நிறைந்தது. இந்த நேரத்தில் யாராவது ஒரு மனுசர் வீட்டுக்கு வருவார்களா? நான் இன்னும் பல்லுக்கூடப் போடவில்லை! சீப்பால் தலை இழுக்கவில்லை! முந்தினவர்கள் வரவே மாட்டார்கள், நீங்கள் என்னடா என்றால் விடியமுதல் வந்து மணியடிக்கிறீர்கள்!

சுகந்தி போனைத் திரும்ப எடுத்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். "ஊசி போட்டாச்சு அக்கா. இருந்து பாணைக் கோப்பியில தோய்ச்சுச் சாப்பிடுறா. சாப்பிட்டுக்கொண்டே மூன்ஷனுக்குப் போன் எடுத்து, 'இவையள் அளவுக்கு மிஞ்சி வெள்ளென வந்து எனக்கு ஆக்கினை குடுக்கினம்' எண்டு மகளிட்டை முறைப்பாடு சொன்னவ."

"மகள் என்ன சொன்னவ?"

"எத்தினை மணிக்கு வந்தவை எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டவ. பிறகு, 'அப்பிடியெண்டால் சரி அம்மா, ஹைமில எடுத்த டெர்மினை நான் இண்டைக்கே வேண்டாமெண்டு சொல்லுறன்' எண்டவ."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். பின்னால் ஃப்ராவ் ஹெல்விக் இன்னும் ஓயவில்லை. நாளைக்குக் கொஞ்சம் பிந்தி வரவேண்டும், பல்லுப் போட்ட பிறகு வரவேண்டும் என்று மேசையில் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கார்த்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசைப்பலகையைக் கிட்ட இழுத்தான். ஃப்ராவ் ஹெல்விக்கை வரிசையில் ஒரு வீடு பின்னால் தள்ளினான்.